கடன் வாங்க இயலாத எண்ணெய்

இக்கட்டுரையை ஓர் ஒப்புதலோடுதான் தொடங்க வேண்டியிருக்கிறது. இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேலாகப் பிறருடைய ஒப்புதல்களைக் கேட்டு வந்தவனுக்குத் தன் குறையொன்றை அச்சில் ஏற்றுவது அத்துணை எளிதன்று. ஆயினும், அக்குறை என்னோடு மட்டும் நின்றுவிடுவதாக எனக்குத் தோன்றவில்லை. நம் இல்லங்களிலும் பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் அது ஓசையின்றி நுழைந்துகொண்டிருக்கிறது. ஆகவே எழுதத் துணிந்தேன்.

திண்டிவனத்துக்கும் மரக்காணத்துக்கும் இடையே இருக்கிறது பிரம்மதேசம். இங்கும் இதைச் சூழ்ந்த சிற்றூர்களிலும் வாழும் நம் இறைமக்களில் பலர், விடியுமுன் எழுந்து மரக்காணத்து உப்பளங்களுக்கு வேலைக்குச் செல்கிறவர்கள். மழைக்காலம் ஓய்ந்து தை பிறந்ததும் பாத்திகளைச் செப்பனிட்டு நீர் பாய்ச்சுவார்கள். மீண்டும் வடகிழக்குப் பருவமழை வந்து பாத்திகளைக் கரைக்கும் வரை வெயிலே அவர்களுக்கு மூலதனம். நமக்குத் தவக்காலம் தொடங்கும் நாள்களில் அவர்களுக்கு உப்புக்காலம் சூடுபிடித்திருக்கும்.

சென்ற தவக்காலத்தில் ஒரு சனிக்கிழமை மாலை, உப்பளத்தில் நாற்பது ஆண்டுகள் உழைத்த ஒரு தாய் இறைவனடி சேர்ந்தார். மறுநாள் பிற்பகலில் அடக்கத் திருப்பலி. அதற்குமுன் காலையில் கிளைப்பங்குகளையும் சேர்த்து மூன்று திருப்பலிகள். துக்க வீட்டில் செபித்துவிட்டுத் திரும்பியபோது இரவு பத்து மணி கடந்திருந்தது. உடலும் மனமும் சோர்ந்திருந்தன. எங்கள் பங்கின் இளைஞர் ஒருவர் சில மாதங்களுக்கு முன் என் அலைபேசியில் செயற்கை நுண்ணறிவுச் செயலி ஒன்றை ஏற்றிக் கொடுத்திருந்தார். பழகிப் பார்க்கும் ஆவலில் அதனிடம் சில்லறைக் கேள்விகள் கேட்டதுண்டு. அன்றிரவு முதன்முறையாக, இறந்தவரின் வயது, தொழில், பிள்ளைகளின் எண்ணிக்கை ஆகியவற்றை இரண்டு வரிகளில் எழுதி, பத்து நிமிட மறையுரை ஒன்று வேண்டுமென்று கேட்டேன். ஒரு நிமிடத்துக்குள் வந்துவிட்டது.

மறையுரை நன்றாகவே இருந்தது. மலைப்பொழிவின் உப்பு உவமையில் தொடங்கி, உழைப்பின் மாண்பைத் தொட்டு, உயிர்ப்பின் நம்பிக்கையில் முடிந்தது. இறையியலில் பிழையில்லை, மொழியிலும் பெரும் பிழையில்லை. ஓரிரு சொற்களை மட்டும் மாற்றினேன். அந்தத் தாய் எவருக்கும் தெரியாமல் சிந்திய கண்ணீரெல்லாம் உப்பளத்து நீரோடு கலந்து வெண்மணிகளாய் விளைந்தது என்னும் பொருளில் நடுவே ஒரு வரி இருந்தது. அதை வாசித்தபோது எனக்கே நெஞ்சு நெகிழ்ந்தது. மறுநாள் ஆலயத்தில் அவ்வரியை நான் சொன்னபோது விம்மல் ஒலி எழுந்தது. அடக்கம் முடிந்ததும் பெரியவர்கள் இருவர் என் கையைப் பற்றிக்கொண்டு நன்றி கூறினார்கள். நான் அந்த நன்றியை ஏற்றுக்கொண்டேன்.

பத்து நாள்கள் கழிந்து இறந்தவரின் மகள் பங்குத்தந்தை இல்லத்துக்கு வந்தார். உள்ளே வரச் சொன்னேன், வரவில்லை. வாசற்படியில் நின்றவாறே கேட்டார்:

“சாமி, அம்மா யாருக்கும் தெரியாம அழுதாங்கன்னு பிரசங்கத்துல சொன்னீங்களே. அவங்க அழுது நான் பாத்ததே இல்ல சாமி. உங்ககிட்ட வந்து எதுனா சொல்லி அழுதாங்களா? என்னால அவங்களுக்கு மனக்கஷ்டம் எதுனா இருந்துச்சா?”

நான் திகைத்துப் போனேன். பத்து இரவுகள் அந்தப் பெண் இக்கேள்வியோடு உறங்காதிருந்திருக்கிறார். “அப்படியெல்லாம் ஒன்னுமில்லம்மா, பொதுவாச் சொன்னதுதான்” என்று மழுப்பினேன். அவர் தலையசைத்துவிட்டுப் போனார். ஆனால் அவர் நம்பவில்லை என்பதை அவர் முகமே காட்டிற்று. ஒப்புதலில் கேட்டதைக் குரு வெளியே சொல்லமாட்டார் என்று மறைக்கல்வியில் நாமே அவர்களுக்குக் கற்பித்திருக்கிறோம். ஆகவே நான் மறுக்க மறுக்க, தாய் எதையோ என்னிடம் சொல்லி அழுதிருக்கிறார் என்றே அவர் எண்ணம் உறுதிப்படும். எவரும் சிந்தாத கண்ணீரைப் பற்றி நான் சான்று பகர்ந்திருந்தேன்.

அன்றிரவு நற்கருணைப் பேழையின்முன் நெடுநேரம் அமர்ந்திருந்தேன். நான் செய்த பிழை யாது? பிறர் எழுதிய மறையுரை நூல்களைப் புரட்டாத குரு எவருமில்லை. அது களவென்று எவரும் கூறார். அந்த வரியும் தீய நோக்கத்தோடு சொல்லப்பட்டதன்று. சிந்திக்கச் சிந்திக்க ஒன்று தெளிவாயிற்று. மறையுரை ஆயத்தம் செய்ய எனக்கு வழக்கமாக ஒரு மணி நேரமேனும் ஆகும். அந்த ஒரு மணி நேரத்தில் பாதிக்குமேல் எழுதுவதில் கழிவதில்லை. இறந்தவரை நினைப்பதில் கழியும். எங்கே முதலில் பார்த்தேன், என்ன பேசினார், எதற்குச் சிரித்தார், எதற்குச் சினந்தார் என்று நினைவுகள் ஒவ்வொன்றாக மேலெழும். அவற்றில் பெரும்பாலானவை மறையுரையில் இடம்பெறா. ஆயினும் அந்த நினைத்தலே அவருக்காக நான் செய்யும் முதல் மன்றாட்டாக இருந்து வந்தது. அன்றிரவு அது நிகழவில்லை. மறையுரை கிடைத்துவிட்டது, அந்தத் தாயை நான் நினைக்கவேயில்லை.

நினைத்திருந்தால் என்ன நினைத்திருப்பேன்? அவர் அழுகிறவர் அல்லர், அதட்டுகிறவர். கோவில் முற்றத்தில் செருப்பைத் தாறுமாறாக விட்டுச் செல்லும் பிள்ளைகளை அவர் அதட்டும் குரல் திருப்பலிப் பீடம்வரை கேட்கும். உப்புநீர் அரித்து வெடித்த பாதங்களோடு சிலுவைப்பாதையின் பதினான்கு நிலைகளிலும் முழந்தாளிட்டு எழுவார். நான்கு ஆண்டுகளாக எனக்குத் தெரிந்த அந்தப் பெண்மணியைப் பற்றி, அவரை ஒருநாளும் அறியாத ஒரு கருவியிடம் கேட்டு நான் பேசியிருக்கிறேன்.

கருவியைக் குறை கூறுவதற்காக இதைச் சொல்லவில்லை. இத்தகைய கருவிகள் செயல்படும் முறையை நாம் அறிந்திருத்தல் நலம். மனிதர் எழுதிக் குவித்த எண்ணிறந்த பக்கங்களிலிருந்து, எந்தச் சொல்லுக்குப் பின் எந்தச் சொல் வரக்கூடும் என்னும் போக்கை அவை கற்றிருக்கின்றன. நாம் கேட்டதற்குப் பொருந்திவரக்கூடிய அடுத்த சொல்லை, அதற்கடுத்த சொல்லை என்று தொடுத்துத் தருகின்றன. உப்பளத் தொழிலாளி, தாய், மரணம் என்று நான் எழுதினேன். அச்சொற்களோடு ‘கண்ணீர்’ சேர்ந்து வருவது இயல்பு, அது சேர்த்தது. அது உண்மையா என்று வினவியிருக்க வேண்டியவன் நான். அந்தத் தாயைத் தெரிந்தவன் நான் ஒருவனே.

இந்நிகழ்ச்சிக்குப்பின், மாலைநேரப் பாடவகுப்பில் நம் பிள்ளைகளைக் கூர்ந்து கவனிக்கத் தொடங்கினேன். ஆலய வளாகத்தில் மாலைதோறும் முப்பது பிள்ளைகள் கூடிப் படிக்கிறார்கள். அவர்களில் பலர் தம் குடும்பத்தில் முதன்முதலாக உயர்நிலைப் பள்ளிக்குள் காலடி வைத்தவர்கள். ஒருநாள் ஒன்பதாம் வகுப்பு மாணவன் ஒருவன் எழுதிய கட்டுரையை வாசித்தேன். அதில் ‘மானுட விழுமியங்கள்’ என்றொரு தொடர் வந்தது. “தம்பி, விழுமியம்னா என்ன?” என்று கேட்டேன். “தெரியாது ஃபாதர், கேக்க நல்லா இருந்துச்சு” என்றான், கள்ளமின்றி. கண்டிக்க வாயெடுத்தேன். கண்ணீர் வரி நினைவுக்கு வந்தது; வாயை மூடிக்கொண்டேன். அவனும் நானும் ஒரே வகுப்பு மாணவர்கள்.

இது புதிய கவலை என்று நாம் எண்ணிவிடலாகாது. கிறிஸ்து பிறப்பதற்கு ஏறத்தாழ நான்கு நூற்றாண்டுகளுக்கு முன் கிரேக்க ஞானி பிளேட்டோ, ‘பைதிரஸ்’ என்னும் உரையாடலில் ஒரு கதை சொல்கிறார். தெயுத் என்னும் எகிப்தியத் தெய்வம் எழுத்துக்கலையைக் கண்டுபிடித்து, தாமுஸ் அரசனிடம் கொண்டுவருகிறது. அரசனோ, இது மக்களின் நினைவாற்றலைக் குன்றச் செய்யும். கல்லாமலே கற்றவர்போல் தோற்றமளிக்கச் செய்யும் என்று அஞ்சுகிறான். அவன் அச்சத்தை நமக்கு அறிவிப்பதே எழுத்துத்தான் என்பதை எண்ணினால் புன்னகை எழும். எழுத்து வந்ததனால் மனிதன் சிந்திப்பதை நிறுத்திவிடவில்லை.

நம் தமிழ் மண்ணிலும் இதற்கொரு சான்று உண்டு. அதுவும் நம் திருச்சபையோடு தொடர்புடையது. முற்காலத்தில் சொற்பொருளை அறியத் திவாகரம், பிங்கலம், சூடாமணி முதலிய நிகண்டுகளே துணை. அவை செய்யுளால் ஆனவை. மாணவன் அவற்றை மனப்பாடம் செய்தால்தான் வேண்டியபோது வேண்டிய சொல் அவனுக்குக் கைகொடுக்கும். இத்தாலியில் பிறந்து தமிழராகவே வாழ்ந்த இயேசு சபைக் குரு வீரமாமுனிவர், 1732இல் சதுரகராதியை ஆக்கினார். பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பிரிவுகள். சொற்கள் அகரவரிசையில் நின்றன. இனிச் செய்யுளை மனப்பாடம் செய்யாதவனும் சொல்லின் பொருளைத் தேடிக் கண்டுகொள்ளலாம். நினைவின் சுமையைத் தாளுக்கு மாற்றிய பெரும் பணி அது. அக்காலத்துப் புலவர் எவரேனும் இனிப் பிள்ளைகள் நிகண்டு படிக்கமாட்டார்களே என்று வருந்தியிருந்தால், அவ்வருத்தம் பொய்யென்று சொல்லிவிட முடியாது. நிகண்டு மனப்பாடம் உண்மையிலேயே மறைந்துவிட்டது. ஆயினும் அகராதியால் தமிழ் வளர்ந்ததேயன்றித் தேயவில்லை.

என் பாட்டனார் திண்ணைப் பள்ளியில் எண்சுவடி படித்தவர். முந்நூற்றிருபதில் ஒரு பங்காகிய முந்திரி முதற்கொண்டு அவருக்குக் கீழ்வாய்க் கணக்கு நாவில் இருந்தது. நானோ கூட்டுவதற்கும் கணிப்பானைத் தேடுகிறவன். 2024 நவம்பர் 30ஆம் நாள் ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிக்கருகே கரையைக் கடந்தபோது, எங்கள் பகுதியில் மின்சாரமும் அலைபேசி இணைப்பும் அற்றுப்போயின. யாரிடமேனும் இயங்கும் தொலைபேசி கிடைத்தாலும், உடன்பிறந்த தங்கையின் எண் எனக்கு நினைவில்லை. இவையெல்லாம் இழப்புகளே. ஆனால் தாங்கக்கூடிய இழப்புகள்.

அப்படியாயின் இன்றைய கருவி மட்டும் எவ்வகையில் வேறுபடுகிறது? அகராதி நமக்குச் சொல்லைத் தந்தது. வாக்கியத்தை நாமே அமைக்க வேண்டியிருந்தது. கணிப்பான் விடையைத் தந்தது. எதை எதோடு கூட்டுவது என்பதை நாமே முடிவுசெய்ய வேண்டியிருந்தது. இக்கருவியோ வாக்கியத்தையும் வாதத்தையும் முடிவையும், ஆறுதல் மொழியையுங்கூட ஆக்கித் தந்துவிடுகிறது. நாம் செய்வதற்கு எஞ்சியிருப்பது ‘சரிதானா?’ என்று தீர்ப்பிடுவது ஒன்றே. அத்தீர்ப்பிடும் ஆற்றலோ, வாக்கியத்தை அமைத்தும் வாதத்தைத் தொடுத்தும் பழகியவனுக்கே வாய்ப்பது. சதுரகராதியை எண்ணிப் பாருங்கள். நிகண்டுகளில் ஆழத் தோய்ந்த ஒருவரே பிறருக்கு அச்சுமையை இறக்கிவைக்கும் நூலைச் செய்ய முடிந்தது.

அறிவியலாரும் இதனை ஆராயத் தொடங்கியுள்ளனர். 2023இல் துருக்கி நாட்டில் ஏறத்தாழ ஆயிரம் உயர்நிலைப் பள்ளி மாணவர்களிடம் கணக்குப் பாடத்தில் ஓர் ஆய்வு நடந்தது. வழக்கமான செயற்கை நுண்ணறிவுக் கருவியைப் பெற்றவர்கள் பயிற்சிக் கணக்குகளில் 48 விழுக்காடு சிறந்து விளங்கினர். பின்னர்க் கருவியை எடுத்துக்கொண்டு தேர்வு வைத்தபோது, கருவியையே காணாத மாணவர்களைவிட 17 விழுக்காடு குறைவாகப் பெற்றனர். அதே ஆய்வில் மற்றொரு குழுவுக்கு, விடையைச் சொல்லாமல் குறிப்புகளை மட்டும் தந்து வழிகாட்டுமாறு அமைக்கப்பட்ட கருவி வழங்கப்பட்டது. அவர்கள் பயிற்சியில் 127 விழுக்காடு முன்னேறினர். தேர்வில் அந்த வீழ்ச்சியும் பெரும்பாலும் தவிர்க்கப்பட்டது. தீங்கு எங்கிருந்து வந்தது என்பதை இவ்விரு குழுக்களும் அருகருகே நின்று காட்டுகின்றன. முயல வேண்டிய இடத்தில் விடை வந்துவிட்டால் மாணவன் கற்பதில்லை.

2025 ஜூனில் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் தொழில்நுட்ப நிறுவனத்தார், கட்டுரை எழுதும்போது மூளையின் மின்னலைகளை அளந்து ஓர் ஆய்வு வெளியிட்டனர். கருவியின் துணையால் எழுதியவர்களில் மிகப் பலரால், சற்றுமுன் தாம் எழுதிய கட்டுரையிலிருந்து ஒரு வரியைக்கூடச் சரியாகச் சொல்ல முடியவில்லை. பங்கேற்றவர் 54 பேரே. பிற அறிஞரின் மதிப்பாய்வுக்கு முன்னரே வெளிவந்த ஆய்வு. ஆகவே அதன்மேல் பெருஞ்சுமையை ஏற்றக்கூடாது. ஆயினும் அதை வாசித்தபோது என் அடக்கத் திருப்பலி மறையுரை நினைவுக்கு வந்தது. அதில் கண்ணீர் வரியைத் தவிர வேறொரு வரியும் இன்று எனக்கு நினைவில்லை.

பழகிய கைகளுங்கூட இதற்கு விலக்கல்ல. போலந்து நாட்டில் குடல்நோய் மருத்துவர்கள், பெருங்குடலை உள்நோக்கும்போது பின்னாளில் புற்றுநோயாகக்கூடிய கட்டிகளைக் காட்டிக்கொடுக்கும் செயற்கை நுண்ணறிவுக் கருவியைப் பயன்படுத்தி வந்தனர். 2025 ஆகஸ்டில் வெளியான ஆய்வின்படி, அக்கருவி அறிமுகமாவதற்கு முன், அத்தகைய கட்டிகள் கண்டறியப்பட்ட பரிசோதனைகள் நூற்றுக்கு 28.4. கருவிக்குப் பழகியபின், அது இல்லாமல் செய்த பரிசோதனைகளில் அது 22.4ஆகக் குறைந்திருந்தது. இதற்கு வேறு காரணங்களும் இருக்கக்கூடும் என்றாலும் எண்ணிப் பார்க்கத்தக்க செய்தி. கண்ணுக்குப் பதிலாக மற்றொன்று பார்த்துக்கொண்டிருந்தால் கண் பார்ப்பதை மறக்கக்கூடும்.

குருமடத்தில் இறையியல் பயின்ற நாள்களில் தேர்வுக்காகப் படித்துவிட்டு மறந்த இரு செய்திகள் இப்போது புதுப்பொருளோடு திரும்பி வந்தன. புனித அகுஸ்தீன் ஏறத்தாழ 389ஆம் ஆண்டில் ‘ஆசிரியர்’ என்னும் நூலைத் தம் மகன் அதெயோதாத்துஸோடு நிகழ்த்திய உரையாடலாக எழுதினார். ஆசிரியரின் சொற்கள் தாமாகவே அறிவை மாணவனுக்குள் ஊற்றிவிடுவதில்லை. சொற்களைக் கேட்ட மாணவன், தன் உள்ளத்தில் உறையும் உண்மையோடு ஒப்பிட்டுப் பார்த்தே கற்கிறான். அந்த உள்ளுறை ஆசிரியர் கிறிஸ்துவே என்பது அவர் முடிவு. புனித தோமா அக்குவினா மற்றோர் ஒப்புமை கூறினார். மருத்துவர் மருந்து தருகிறார். ஆனால் குணமடையச் செய்வது உடலின் இயற்கையாற்றலே. அவ்வாறே ஆசிரியர் துணைநிற்கிறார்; அறிவைப் பெற்றெடுப்பது மாணவனின் சொந்த அறிவாற்றலே. ஒருவருக்காக மற்றொருவர் செரிக்க முடியாதது போல், ஒருவருக்காக மற்றொருவர் புரிந்துகொள்ளவும் முடியாது.

அந்தத் தோமாவின் திருநாளாகிய ஜனவரி 28ஆம் நாளையே தேர்ந்து, 2025இல் வத்திக்கான், செயற்கை நுண்ணறிவுக்கும் மனித அறிவுக்கும் உள்ள உறவு பற்றிய ‘பழையதும் புதியதும்’ என்னும் ஏட்டை வெளியிட்டது. கருவிகளை அது பழிக்கவில்லை. அறிவியலின் வளர்ச்சியை இறைவன் மனிதனுக்கு அளித்த அறிவின் கனியாகவே போற்றுகிறது. அதே வேளையில், மாணவர்களைத் தாமே விடைகாணத் தூண்டாமல் விடையை மட்டும் வழங்கும் கருவிகள் கல்விக்குக் கேடு விளைவிக்கக்கூடும் என்று எச்சரிக்கிறது. 2025 மே மாதம் தேர்ந்தெடுக்கப்பட்ட நம் திருத்தந்தையும், தாம் லியோ என்னும் பெயரைத் தேர்ந்ததற்குக் காரணம் கூறுகையில் இதனைத் தொட்டார். 1891இல் தொழிலாளர் நிலை குறித்துச் சுற்றுமடல் எழுதியவர் திருத்தந்தை 13ஆம் லியோ. கைகளின் உழைப்பை எந்திரம் மாற்றியமைத்த காலம் அது. அறிவின் உழைப்பைக் கருவி மாற்றியமைக்கும் இக்காலத்திலும் திருச்சபை அத்தகைய வழிகாட்டுதலைத் தர வேண்டியிருக்கிறது என்பது அவர் கருத்து.

இக்கருவிகளால் விளையும் நன்மையையும் நான் கண்ணாரக் காண்கிறேன். மழைக்கால நிவாரணத்துக்கு விண்ணப்பம் எழுத முன்பெல்லாம் எவர் வாசலிலோ காத்துநின்ற உப்பளத் தொழிலாளி, இன்று பேசினாலே எழுதித் தரும் கருவியைக் கொண்டு தன் மனுவைத் தானே ஆயத்தம் செய்கிறார். வீட்டில் கேட்பதற்கு எவருமில்லாத மாணவி, இரவில் புரியாத பாடத்தை ஐந்துமுறை கேட்டாலும் சலிக்காத துணையொன்றைப் பெற்றிருக்கிறாள். இவர்களிடம் போய் ‘தொடாதே’ என்று சொல்வது அறமாகாது. எனக்குக் கேட்க ஆசிரியர்கள் இருந்தார்கள், அவளுக்கு இல்லை.

எங்கே பயன்படுத்துவது, எங்கே விலக்குவது? இதற்கு விடை தந்தவர் இறந்துபோன அந்தத் தாய்தான்.

ஈராண்டுகளுக்கு முன் ஒரு முற்பகலில் உப்பளத்தில் அவரைச் சந்தித்தேன். பாத்தியில் நிற்கும் உப்புநீரின் அடர்த்தியைப் போமே அளவில் பார்ப்பார்கள். ஏறத்தாழ 25 டிகிரியை எட்டும்போது உப்பு மணிகட்டத் தொடங்கும். 29, 30 என்று ஏறவிட்டால் கசப்பான மக்னீசிய உப்புகளும் சேர்ந்து சரக்கைக் கெடுத்துவிடும். அளப்பதற்குக் கண்ணாடி மானி உண்டு. அந்தத் தாயின் கையிலும் அது இருந்தது. ஆனால் அவர் முதலில் குனிந்து, நீரை உள்ளங்கையில் அள்ளி, விரல்களால் தேய்த்து, நிறத்தையும் பார்த்து, ஓர் எண்ணைச் சொன்னார். அதன்பிறகே மானியை நீரில் மிதக்கவிட்டார். இரண்டும் ஏறக்குறைய ஒத்திருந்தன. “அதான் மானி இருக்கே, கையால எதுக்கும்மா பாக்கறீங்க?” என்று கேட்டேன். அவர் சிரித்துக்கொண்டே சொன்னார்:

“மானி தப்பாச் சொன்னா எனக்குத் தெரியணுமில்ல சாமி?”

அன்று அதை ஒரு வேடிக்கைப் பேச்சாகக் கேட்டுவிட்டு வந்தேன். அதன் முழுப்பொருளும் இப்போதுதான் விளங்குகிறது. அவர் மானியை வெறுக்கவில்லை, நாள்தோறும் பயன்படுத்தினார். ஆனால் கைக்கு முதலிடம் தந்தார். கை தன் தீர்ப்பைச் சொல்லியபின் மானி அதைச் சோதித்தது; மானியைக் கையும் சோதித்தது. அதனால் நாற்பது ஆண்டுகளிலும் அவர் கை மரத்துப்போகவில்லை. நானோ அன்றிரவு கையை நீரில் வைக்காமலே மானியை வாசித்தவன்.

மாலை வகுப்பில் இப்போது அவருடைய முறையையே பின்பற்றுகிறோம். எந்தக் கேள்வியாயினும் முதலில் தனக்குத் தெரிந்ததை, தவறாயினும், தாளில் எழுத வேண்டும். பிறகு கருவியிடம் கேட்கலாம். கேட்டபின், தாளில் எழுதியதற்கும் கருவி சொன்னதற்கும் உள்ள வேறுபாட்டைப் பக்கத்திலிருக்கும் பிள்ளைக்கு வாயால் விளக்க வேண்டும். விளக்க இயலாவிட்டால் கற்கவில்லை என்று பொருள். முன்னர் நான் கூறிய மாணவன் சென்ற மாதம் தானே எழுதிய ஒரு பக்கக் கட்டுரையைக் கொண்டுவந்தான். ஒற்றுப்பிழைகள் மலிந்திருந்தன. ஆனால் ஒவ்வொரு சொல்லுக்கும் அவனிடம் பொருள் இருந்தது.

பெற்றோருக்கும் ஒன்று சொல்ல விழைகிறேன். பிள்ளை விடை தெரியாமல் பென்சிலைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கும் கால்மணி நேரம் வீணான நேரமன்று. அந்நேரத்தில்தான் அவன் அறிவு வேர்விடுகிறது. அதைப் பொறுக்கமாட்டாமல் அலைபேசியை அவன் கையில் கொடுத்துவிடாதீர்கள். மேலும், சில காரியங்களைக் கருவியிடம் ஒப்படைக்கவே கூடாது என்று குடும்பமாக முடிவுசெய்துகொள்வது நலம். துக்கம் விசாரித்து எழுதும் மடல், மன்னிப்புக் கேட்கும் சொல், மணநாளில் மகளுக்கு வழங்கும் ஆசிமொழி, இரவில் செபிக்கும் செபம் ஆகியவை எவ்வளவு தட்டுத்தடுமாறி வந்தாலும் நம்முடையவையாக இருக்கட்டும்.

மத்தேயு நற்செய்தியில் வரும் பத்துக் கன்னியர் உவமையை வாசிக்கும்போதெல்லாம் எனக்கொரு நெருடல் இருந்ததுண்டு. விவேகமுள்ள ஐவரும் தம் எண்ணெயில் சிறிது பகிர்ந்துகொண்டால் என்ன? பகிர்தலைப் போதித்த ஆண்டவர் இக்கதையில் பகிராதவர்களைப் புகழ்கிறாரே என்று. இன்று வேறுவிதமாக எண்ணுகிறேன். பகிரவே இயலாத எண்ணெயும் உண்டு. அறிந்தது, நினைத்தது, அன்புசெய்தது ஆகியவற்றை நள்ளிரவில் அடுத்தவரிடம் கடன் வாங்க முடியாது, கடையிலும் வாங்கமுடியாது. அது நாள்தோறும் சொட்டுச் சொட்டாக நம் கலத்தில் சேர வேண்டியது.

முப்பதாம் நாள் நினைவுத் திருப்பலிக்கு இரண்டு நாள்களுக்கு முன் அந்த மகளின் வீட்டுக்குச் சென்றேன். நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். அந்த வரி என்னுடையதன்று. உங்கள் தாய் என்னிடம் ஒருநாளும் எதையும் சொல்லி அழுததில்லை. உங்களைப் பற்றிப் பேசியபோதெல்லாம் பெருமையாகவே பேசினார். களைப்பினால் ஒரு கருவியிடம் கேட்டு வாசித்துவிட்டேன், மன்னித்துக்கொள்ளுங்கள் என்றேன். அவர் நெடுநேரம் பேசவில்லை. கோபம் கொள்வார் என்று எதிர்பார்த்தேன். கொண்டிருந்தால் அது முறையே. பிறகு மெல்லச் சொன்னார்:

“எங்கள ஒரு வார்த்த கேட்டிருந்தா நாங்களே சொல்லியிருப்போமே சாமி.”

அதன்பின் சொல்லத் தொடங்கினார். ஒரு மணி நேரத்துக்கு மேல் சொன்னார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன். நினைவுத் திருப்பலியில் ஐந்து நிமிடமே பேசினேன். இரண்டு இடங்களில் தடுமாறினேன். மானியையும் கையையும் பற்றிய அந்தப் பேச்சைச் சொன்னேன். செருப்புகளைப் பற்றியும் சொன்னேன். யாரும் அழவில்லை, சிலர் சிரித்தார்கள். திருப்பலி முடிந்து வெளியே வந்தபோது, ஆலய வாசலில் பிள்ளைகளின் செருப்புகள் வரிசையாக அடுக்கப்பட்டிருந்தன.